கிளாவர் ஒன்பது

என்னிடம் ஒரு பழைய புத்தகம் இருக்கிறது. முன்னட்டையும் கிடையாது, பின்னட்டையும் கிடையாது. பதினேழாம் பக்கத்தில் ஆரம்பித்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுவிடும். அதனால் அதன் பெயரோ எழுதியவர் பெயரோ எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் அக்காவும் அதைச் சீட்டுப் புத்தகம் என்றே சொல்லிவந்தோம். போன வாரம் அக்காவின் மகன் தன் போனில் யாரோ ஒருவர் செய்யும் சீட்டு வித்தையை எனக்குக் காட்டினான். வித்தை முடிந்ததும் அதன் ரகசியத்தையும் அவரே சொல்லிவிடுகிறார். பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன். ஆனால் மனது அந்தப் பதினேழாம் பக்கத்துக்குப் போய்விட்டது.

அந்தப் புத்தகம் எங்களுக்குக் கடலைப் பொட்டலமாகத்தான் முதலில் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சன்னதித் தெரு முனையில் அக்கா வாங்கிக் கொடுத்த வேர்க்கடலையைத் தின்று முடித்துக் காகிதத்தைப் பிரித்தால், ஒரு கை சீட்டுகளை விசிறி மாதிரி விரித்துப் பிடித்திருக்கும் படம். கீழே பாதி வித்தை எழுதியிருந்தது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கடலைக்காரரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வராது. அக்காதான் போய்க் கேட்டாள். என் பழைய நோட்டுகளை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் கிழித்தது போக மிச்சமிருந்த புத்தகத்தை வாங்கி வந்தாள். என் நாலாம் வகுப்புக் கணக்கு நோட்டில் ஊரில் எத்தனையோ பேர் கடலை தின்றிருப்பார்கள்.

வாய் வராது என்று சொன்னது சும்மா இல்லை. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல வராமல், உள்ளே இருந்துகொண்டே பல நாள் வராதவளாக இருந்திருக்கிறேன். புத்தகத்துக்கு அது தெரிந்திருந்தது போலும். வித்தை செய்கிறவர் எங்கே நிற்க வேண்டும், எப்போது புன்னகை செய்ய வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் அதுவே எழுதிக் கொடுத்திருந்தது. 'சபையோரே, இந்தக் கட்டில் தங்களுக்குப் பிடித்த சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று நான் எங்கள் வீட்டுப் பூனையிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். என் சொந்த வார்த்தையாக இருந்தால் நடுங்கும். புத்தகத்தின் வார்த்தை என்பதால் நடுங்கவில்லை.

சீட்டுக்கட்டுதான் இல்லை. அப்பா சாதுவான மனிதர், ஆனால் சீட்டு என்ற சொல்லை வீட்டில் சொல்லக் கூடாது. அதற்கும் அக்கா ஒரு வழி செய்தாள். எங்களுடையது பட்டு நெய்கிற வீடு. சேலையில் மயிலும் மாங்காயும் விழுவதற்காகத் தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். டிசைன் பழசாகிவிட்டால் அந்த அட்டைகள் மூலையில் கிடக்கும். ஓர் அட்டையைக் குறுக்கே நறுக்கினால் நாலு சீட்டு. சிவப்பும் கறுப்பும் பேனாவால் அக்கா வரைந்தாள். ராஜா, ராணி, ஜாக்கி வரைய அவளுக்குக் கை வராததால் எங்கள் கட்டில் நாற்பது சீட்டுதான். எல்லாவற்றிலும் துளைகள். அந்தக் கட்டை வைத்துக்கொண்டு அடிச்சீட்டைப் பார்த்து வைத்துக்கொள்ளும் வித்தையைக் கற்றேன். எடுத்த சீட்டைத் தலைகீழாகத் திருப்பிச் செருகவைக்கும் வித்தையைக் கற்றேன். எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வித்தைதான். வித்தைக்காரர் வெளியே போய்விடுவார். சபையோர் ஒரு சீட்டை எடுத்து எல்லாருக்கும் காட்டி மறைத்துவிடுவார்கள். அவர் உள்ளே வந்து, யாரையும் எதுவும் கேட்காமல், அந்தச் சீட்டின் பெயரைச் சொல்லிவிடுவார். எப்படி என்பது நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் யாரோ கடலை தின்றுவிட்டுக் கசக்கிப் போட்டுவிட்டார்கள்.

நான் இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் அக்கா தறியில் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டு, ரகசியம் புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன, நாமே ஒன்று செய்துகொள்ளலாம் என்றாள்.

எங்கள் தெருவில் காலையில் கண் விழிப்பது முதல் விளக்கு வைக்கும்வரை தறிச் சத்தம்தான். பலகை வந்து குறுக்கு இழையான ஊடையை அடிக்கிற சத்தம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்துகொண்டேயிருக்கும். அதனாலேயே அது யார் காதிலும் விழாது. அக்காவின் யோசனை இதுதான். நான் வெளியே இருந்து வந்து ஒரு தடவை இருமுவேன். அவள் நெய்வதை ஒரு மூச்சு நிறுத்துவாள். பிறகு, எந்தச் சாதிச் சீட்டு என்பதற்குச் சில அடி. இஸ்பேடு என்றால் ஒன்று, ஹார்ட்டின் இரண்டு, கிளாவர் மூன்று, டைமண்ட் நாலு. மறுபடி ஒரு மூச்சு நிறுத்தம். பிறகு சீட்டின் எண்ணுக்கு அத்தனை அடி. மறுபடி நிறுத்தம். அதன் பிறகு எப்போதும்போல் நெய்துகொண்டு போவாள். அப்போது தறியில் ஓடியது கரையைத் தனியாகக் கோர்க்காத சேலை, பக்கத்தில் உட்கார ஆள் வேண்டாம். அக்கா ஒருத்தியே நெய்தாள். அம்மாவிடம் செய்து காட்டினோம். அம்மா பயந்துபோய் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் போனவர்கள்தான், பதிலே அனுப்பவில்லை. இரண்டாவதாக வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, அவர் தப்பாக ஒன்றும் பேசவில்லை, ஆனால் பேசவே இல்லையே, என்னவென்று தெரிந்து சரி சொல்வது என்றாள். தெருவில் இது ஒரு வாரத்துக்குப் பேச்சாக இருந்தது. மூன்றாவதாக முசரவாக்கத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் அப்பா அக்காவை உட்காரவைத்துச் சொன்னார்.

"இந்த வாட்டி வேணாம்னா காரணம் சொல்லணும்மா. காரணம் இல்லன்னா, சாயந்தரமே நான் சரின்னு சொல்லி அனுப்பிடுவேன்."

அன்று அக்கா சாப்பிடவில்லை. என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "ஏண்டி, ஒரு மனுசன் எப்டின்னு காபி குடிக்கிற நேரத்துல கண்டுபுடிக்கிறதுக்கு உன் பொஸ்தகத்துல வித்தை இருக்குதா?" என்றாள். நான் எழுந்து போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்று வந்து சொன்னேன். கிழிந்த பக்கங்களில் இருந்திருக்கலாம் என்றும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், மூன்று பேர். தாய்மாமன் உள்ளே வரும்போதே பேசிக்கொண்டு வந்தார். பேருந்தில் வந்த கதை, வெயில், எங்கள் தெருக் குழாய், எல்லாவற்றையும் பற்றி அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தது. மாப்பிள்ளை ஒரு வார்த்தையும் பேசாமல் ஜன்னல் ஓரமாகப் பாயில் உட்கார்ந்தார். நெசவு வேலை செய்கிற கை. விரல் நுனிகளில் சாயம் ஏறியிருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும். அவள் காபி கொடுத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா, பெண் தறியில் உட்கார்ந்தால் கண்ணாலே பார்த்துக்கொள்வேன் என்றார். அக்கா தறிக் குழியில் கால் இறக்கி உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தாள். கூடத்தில் எல்லாரும் அவள் கையையே பார்த்தார்கள்.

பார்த்து முடிந்ததும் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பி என்ன படிக்கிறாய் என்று கேட்டார். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது என்று ஒரு சொல். அது வரவில்லை. மறுபடியும் கேட்டார். என் காது சூடாகியது. இந்தப் பெண்ணுக்குப் பேச்சு வராதா என்று அவர் மெதுவாக என் அம்மாவைக் கேட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் அப்படி ஒரு கேள்வி எழுவது நல்லதில்லை என்று எனக்கே தெரிந்தது. அம்மா ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் தறியிலிருந்து அக்கா, "அவளுக்குச் சீட்டு வித்தை வரும்" என்றாள்.

பெண் பேசியதற்கு அதிர்ச்சி அடைவதா, சீட்டு என்று சொன்னதற்கு அடைவதா என்று தெரியாமல் அப்பா என்னைப் பார்த்தார். தாய்மாமன் மட்டும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பொம்பளப் புள்ளைக்குச் சீட்டா? எங்க, காட்டு பாப்பா, நாங்களும் பாக்கறோம்."

நான் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து வந்தேன். அப்பா அதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். 'சபையோரே' என்று ஆரம்பித்தேன். குரல் நடுங்கவில்லை. கடைசி வித்தையைத்தான் செய்வது என்று முடிவு செய்துகொண்டேன். என்னைத் தாய்மாமனே வாசலுக்குக் கூட்டிப்போய்த் தெருவைப் பார்க்க நிறுத்தினார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னார். பிறகு உள்ளே போய் ஒரு சீட்டை எடுத்து எல்லாருக்கும் காட்டிவிட்டுத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

நான் வந்தேன், இருமினேன். தறி நின்றது. மூன்று அடி. நின்றது. ஆறு அடி. நின்றது.

இங்கேதான் நானும் அக்காவும் ஒன்றை மறந்திருந்தோம். ஓடுகிற தறி நெசவுக்காரர் காதில் விழாது என்பது உண்மைதான். ஆனால் நிற்கிற தறி விழும். இழை அறுந்தால்தான் தறி நிற்கும், அறுந்தால் எழுந்து போய் முடிச்சுப் போட வேண்டும், அது சின்ன வயதிலிருந்தே உடம்பில் ஊறிப்போன பழக்கம். மூன்றாவது தடவை நின்றபோது மாப்பிள்ளை பாதி எழுந்துவிட்டார். அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இழை அறுந்துபோச்சா?"

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் மறுபடி உட்கார்ந்தார். நான் கண்ணை மூடிக் கட்டை நெற்றியில் வைத்துக்கொண்டு, கிளாவர் ஆறு என்றேன்.

தாய்மாமன் சீட்டை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு உடம்பு லேசாகி மிதப்பதுபோல் இருந்தது. ஆனால் தாய்மாமன் லேசில் விடுகிற ஆள் இல்லை. சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இதோ துளை, இந்தத் துளையைப் பார்த்துத்தான் சொல்கிறாய் என்றார். எங்கள் அட்டைத் துளைகளில் அவ்வளவு சங்கதி இருக்கும் என்று எனக்கே தோன்றியதில்லை. இந்தத் தடவை சீட்டைத் துண்டில் சுற்றி வைக்கிறேன், சொல் பார்க்கலாம் என்றார். சரி என்று தலையாட்டினேன். அப்புறம் அவர் தறிப் பக்கம் திரும்பினார்.

"தறி போதும்மா, நிறுத்து. காதுல ஒண்ணும் விழல. நீ இப்டி வந்து எங்க அக்கா பக்கத்துல உக்காரு."

அக்கா தறியிலிருந்து எழுந்து வந்து மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கையிரண்டும் மடியில். நான் என்ன சொல்ல முடியும்? தறி ஓடினால்தான் வித்தை வரும் என்றா? வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தறியும் பக்கத்து வீட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இந்தத் தடவை சீட்டு எடுக்க வெகுநேரம் ஆயிற்று. "இன்னாபா மாப்ள, ஒரு சீட்டு எடுக்கறதுக்கு ஜாதகமா பாக்கற?" என்று தாய்மாமன் குரல் கேட்டது. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

வந்தேன். பழக்கத்தில் இருமினேன். கூடம் அப்படியே இருந்தது. அவ்வளவு அமைதியான கூடத்தை நான் பார்த்ததில்லை. அக்கா தலை குனிந்திருந்தாள். அப்பா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு வராதா என்று கேட்ட அம்மாள் என் வாயையே பார்த்தார். கட்டை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள்ளும் வகுப்பறைதான் வந்தது. என் பெயரைக் கூப்பிடுகிறார்கள், நான் இருக்கிறேன், ஆனால் இல்லை.

"இன்னா பாப்பா, மந்திரம் மறந்துபோச்சா?" என்றார் தாய்மாமன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. எவர்சில்வர் டம்ளரை விரலால் தட்டுகிற சத்தம். யாரோ காபி குடித்துவிட்டுச் சும்மா தட்டுகிறார்கள். மூன்று தட்டு. ஒரு மூச்சு இடைவெளி. அந்த இடைவெளிதான் என்னை எழுப்பியது. மறுபடி தட்டு ஆரம்பித்தது. வேகமும் இல்லை, நிதானமும் இல்லை, பலகை போய் வருகிற அதே நடை. ஒன்பதில் நின்றது.

கிளாவர் ஒன்பது என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல் கேட்டது.

தாய்மாமன் துண்டைப் பிரித்தார். கிளாவர் ஒன்பது. அதன்பின் அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அதை அன்று நடந்த பெரிய வித்தை என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கண்ணைத் திறந்து மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் விளிம்பில் சாயம் ஏறிய விரல்கள். முகத்தில் சிரிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்கா இன்னும் தலை குனிந்தேதான் இருந்தாள். ஆனால் கழுத்துவரை சிவந்திருந்தாள்.

பின்னால் எனக்கு மாமாவாகிவிட்ட அந்த மாப்பிள்ளையிடம் இத்தனை வருடத்தில் நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. ஒரு வீட்டில் பேசாதவர்கள் இரண்டு பேர் இருந்தால் சில விஷயங்கள் அப்படியே இருந்துவிடும்.

அவர்கள் போனதும் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடி விழும் என்றுதான் போனேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அது எப்படி என்று மெதுவாகக் கேட்டார். ரகசியத்தைச் சொல்லக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றேன். அவர் சரி போ என்றார்.

நாலு மணிக்கு அக்காவைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடிக்கொண்டிருப்பாள் என்று நான் கதவோரமாக நின்றேன். அக்கா, சரிப்பா என்றாள். அப்பா கொஞ்சம் காத்திருந்தார். வேண்டாம் என்றால்தானே காரணம், சரி என்றால் என்னத்துக்கு என்று அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்குத்தான் ஆறவில்லை. புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: சபையில் ஒருவருக்கு ரகசியம் தெரிந்துவிட்டால் வித்தைக்காரன் தோற்றான். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்த ஒன்றை, ஒரே தடவை கேட்டு ஒரு அன்னியர் எடுத்துக்கொண்டுவிட்டார். அவரைப் போய் இவள் சரி என்கிறாள். கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். அக்கா தேடிக்கொண்டு வந்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திருடிவிட்டார், நம்மைக் கண்டுபிடித்துவிட்டார், நாளைக்கு ஊரெல்லாம் சொல்லுவார் என்றேன்.

"சொல்லணும்னா அங்கயே சொல்லியிருப்பாருடி" என்றாள் அக்கா. பிறகு, "கட்டு மொத்தத்தையும் விரிச்சிப் பாத்து, தேடித் தேடி கிளாவரா எடுத்தாரு. நீ வெளிய நின்னுக்கினு இருந்த, உனக்குத் தெரியாது" என்றாள்.

அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. முதல் ஆட்டத்தில் அவர் கேட்டது கிளாவருக்கான மூன்று அடியை மட்டும்தான் என்பதும், மற்றச் சாதிகளுக்கு எத்தனை அடி என்று அவருக்குத் தெரிய வழியில்லை என்பதும், தாய்மாமன் தறியை நிறுத்தச் சொன்னபோதே அவர் என்னை நினைத்துவிட்டார் என்பதும் அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. கிளாவர் அவருக்குப் பிடித்த சீட்டாக இருக்கும் என்று நினைத்தேன். அதையே சொன்னேன்.

அக்கா கல்லின் மறுபக்கம் உட்கார்ந்துகொண்டாள். அவர் தட்டியதுபோல ஒரு தடவை தட்டிக் காட்டு என்றாள். கூடத்தில் கூடவே உட்கார்ந்து கேட்டவளுக்கு என்னத்துக்கு என்று நினைத்தேன். ஆனாலும் விரலை மடக்கிக் கல்லில் தட்டினேன். மூன்று. ஒரு மூச்சு. ஒன்பது.

"இன்னொரு வாட்டி."

தட்டினேன். அவள் கொல்லைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவையும் தட்டச் சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது. எண்ணிக்கை சரிதானா என்று பார்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, இந்தத் தடவையாவது ஒழுங்காக எண்ணிக்கொள்ளட்டும் என்று விரல் வலிக்க அழுத்தித் தட்டினேன்.